காலேஜ் பசங்களே வந்து முதலுதவி செய்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி:
அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போன வாரம் ராத்திரி ரூம்மேட் பாத்ரூமில் மயங்கி விழுந்துவிட்டான். கேம்பஸ் போலீஸ் நம்பருக்கு அடித்தேன். டாக்டரும் வரவில்லை, நர்ஸும் வரவில்லை, முதுகில் பையோடு மூன்று மாணவர்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி என் லேபில் பக்கத்து மேஜைக்காரி! பி.பி., சர்க்கரை பார்த்து, அரை மணி நேரம் கேள்வி கேட்டு, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவன் சொன்னதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவர்களை நம்பலாமா? பில் ஏதாவது வருமா?

பதில் 1:
தம்பி, மாணவர் முதலுதவிக் குழுவில் நான் அந்தப் பையை மூன்று வருடம் சுமந்தவன். இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) சான்றிதழுக்கு 150 மணி நேரம் போல வகுப்பு, அப்புறம் தேர்வு. ஊர் ஆம்புலன்ஸில் வருகிற இ.எம்.டி.க்கும் அதே சான்றிதழ்தான். மேலே ஒரு டாக்டர் மெடிக்கல் டைரக்டராக இருப்பார், அவர் அனுமதித்ததை மட்டும்தான் செய்யலாம்: ஆக்சிஜன், குளுக்கோஸ் ஜெல், அலர்ஜிக்கு எபிபென் ஊசி, போதை மருந்து அதிகமானால் அதை முறிக்கும் நாலாக்சோன், இதயம் நின்றால் மின் அதிர்ச்சி தரும் ஏ.ஈ.டி. கருவி. டிரிப்ஸ் எல்லாம் ஏற்ற மாட்டோம். புதிதாகச் சேர்ந்தவர்களைத் தனியாக அனுப்புவதே இல்லை, க்ரூ சீஃப், அதாவது குழுத் தலைவர், கூடவே இருப்பார். இடுப்பில் ரேடியோவை மாட்டிக்கொண்டுதான் மிட்டெர்ம் பரீட்சைக்கே படித்தோம். வெள்ளி, சனி ராத்திரி வந்தால் பெரும்பாலும் குடித்துவிட்டு விழுந்த கேஸ்தான்.

அந்தக் கையெழுத்தைத் தட்டிக்கழித்ததாக நினைக்காதே. பேர் என்ன, எங்கே இருக்கிறாய், இன்றைக்கு என்ன கிழமை, எப்படி விழுந்தாய் என்று கேட்டு, ஆள் தெளிவாக இருந்தால்தான் அதை வாங்கவே முடியும். நிதானம் இல்லாதவன் மாட்டேன் என்று சொன்னாலும் அது செல்லாது. அரை மணி நேரம் போனது அதற்குத்தான்.

பதில் 2:
பில் விஷயம் இடத்துக்கு இடம் மாறும். நிறைய இடங்களில் மாணவர் குழுவிடம் ஆம்புலன்ஸ் கிடையாது, வந்து பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஊர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 1996 முதல் இப்படித்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது நகரத் தீயணைப்புத் துறை. வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவர்கள் 1982இல் ஆரம்பித்த குழுவுக்குச் சொந்த ஆம்புலன்ஸே உண்டு, காசும் வாங்குவதில்லை. (அதன் சுருக்கப் பெயர் ஜெர்ம்ஸ், அதாவது கிருமிகள்! யார் வைத்தார்களோ.) ஊர் ஆம்புலன்ஸில் ஏறினால் ஆயிரம் டாலரைத் தாண்டியும் பில் வரலாம், இன்ஷூரன்ஸ் எவ்வளவு தரும் என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ரூம்மேட்டுக்கு இப்போது ஒரே கவலை, அந்தப் பெண் லேபில் சொல்லிவிடுவாளோ என்று.

பதில் 1:
சொல்ல மாட்டாள். நோயாளியைப் பற்றி வெளியே வாய் திறந்தால் குழுவிலிருந்தே தூக்கிவிடுவார்கள். நான் முதலுதவி செய்த ஒருவன் அடுத்த நாள் மெஸ் வரிசையில் எனக்கு முன்னால்தான் நின்றான், இரண்டு பேரும் தெரியாத மாதிரியே தட்டை நீட்டினோம். அது கிடக்கட்டும், மயங்கியதற்குக் காரணம் என்னவென்று தெரிந்ததா? இல்லையென்றால் நாளைக்கே ஹெல்த் சென்டருக்கு அழைத்துப் போ.