உதவி: ராக்பாக்ஸ் ஏத்தினேன், கார்டுல இருக்குற பாட்டு தெரியல, பேரெல்லாம் கட்டம் கட்டமா வருது

வெண்ணாறு_கரை (இழை தொடங்கியவர்)
அவசரம். நேத்து பாட்டு பிளேயர்ல அதோட சொந்த சாஃப்ட்வேருக்குப் பதிலா ராக்பாக்ஸ்ங்கற இலவச சாஃப்ட்வேரை ஏத்தினேன். ஏறிடுச்சு, லோகோ வருது. ஆனா கார்டுல இருக்குற பாட்டு ஒண்ணுகூட காட்டல. பிளேயருக்குள்ள இருக்குற பத்துப் பதினஞ்சு பாட்டுதான் வருது. அதுலயும் பேரு எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெடி பண்ணிக் குடுத்தாகணும். என்ன பண்றது?

அரசலாறு
எந்தப் பிளேயர்? கார்டு எத்தனை ஜிபி, எதுல வெச்சு பாட்டு ஏத்தினீங்க? கட்டம்னா வெறும் கட்டமா, கேள்விக்குறியா, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையா? மூணும் வேற வேற கோளாறு. வெறும் கட்டம்னா எழுத்துரு இல்லை. கேள்விக்குறின்னா டேக்கை, அதாவது பாட்டுக் கோப்புக்குள்ள இருக்குற பேர் விவரத்தைச் சேமிக்கும்போதே தமிழ் அழிஞ்சு போச்சு, திரும்ப டைப் பண்ணணும். இங்கிலீஷ் குப்பைன்னா யாரோ பாமினிங்கற பழைய தமிழ் எழுத்துருவுல டைப் பண்ணி வெச்சிருக்காங்க, யூனிகோடுக்கு மாத்தணும்.

குடந்தை_கேசட்
கார்டு போலியா இருக்கும். நூத்துக்கு எம்பது கேஸ் அதுதான். 64ன்னு அச்சடிச்சிருக்கும், உள்ள 8தான் இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு கார்டைச் சோதிக்கிற புரோகிராம் போட்டு முழுசா எழுதிப் படிச்சுப் பாருங்க. கார்டு காலியா இருக்கணும். நொடிக்கு 15 எம்பி எழுதுற கார்டுன்னா 64 ஜிபி எழுதவே ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும், அப்புறம் படிச்சு சரிபார்க்குற நேரம் தனி. நடுவுல கரண்ட் போனா முதல்லேர்ந்து. லேப்டாப்புல சார்ஜ் வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

பூண்டி_நெல்
டேட்டாபேஸ், அதாவது பிளேயரோட பாட்டுப் பட்டியலைக் கட்டலன்னா பாட்டு வராது. மெயின் மெனுவுல டேட்டாபேஸ் போயி இனிஷியலைஸ் நவ் குடுங்க. முடிஞ்சதும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. எனக்குத் தெரிஞ்சு வேற ஒண்ணும் இல்ல.

கொள்ளிடம்
இந்த இழையை அப்படியே சேமித்து வைத்து, உதவி எப்படிக் கேட்கக் கூடாது என்பதற்குப் பாடமாக வைக்கலாம். மாடல் பெயர் இல்லை, கார்டின் அளவு இல்லை, பதிப்பு எண் இல்லை. ராக்பாக்ஸுக்கு ஒவ்வொரு பிளேயருக்கும் தனித்தனிக் கையேடு இருக்கிறது. எந்தக் கோப்பு முறையைப் படிக்கும் என்பது அதிலேயே இருக்கிறது. டேட்டாபேஸ் யோசனையும் தவறு. கார்டையே பிளேயர் படிக்காதபோது டேட்டாபேஸ் எதைத் தேடும்?

வெண்ணாறு_கரை
சாரி சார். சாண்டிஸ்க் கிளிப் பிளஸ். கார்டு புதுசு, 64 ஜிபி. போன்ல போட்டுத்தான் பாட்டு ஏத்தினேன். பழைய 8 ஜிபி கார்டு போட்டா தெரியுது. வெறும் கட்டம்தான் வருது.

அரசலாறு
விஷயம் புரிஞ்சுபோச்சு. 64 ஜிபி கார்டு கடையிலேர்ந்து வரும்போதே எக்ஸ்-ஃபேட்ங்கற கோப்பு முறையில வரும். போன்ல ஃபார்மேட் பண்ணினாலும் பெரும்பாலும் அதேதான். ராக்பாக்ஸ் படிக்கிறது ஃபேட் 16, ஃபேட் 32. உங்க 8 ஜிபி கார்டு ஃபேட் 32, அதனால தெரியுது. 32 ஜிபிக்கு மேல போகக் கூடாதுன்னு பெட்டியில போட்டிருக்குறதைப் பார்த்து பயப்பட வேண்டாம், ஃபேட் 32 ஆக்கினா 64 ஓடும்.

முதல்ல கார்டுல இருக்குற எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு காப்பி எடுங்க, ஃபார்மேட் பண்ணினா எல்லாம் போயிடும். விண்டோஸ்ல ரைட் கிளிக் பண்ணி வர்ற ஃபார்மேட் ஜன்னல்ல 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுக்கு ஃபேட் 32 கேட்டா வராது. ஜியூஐ ஃபார்மேட்னு சின்ன புரோகிராம் இருக்கு, அதுல டிரைவ் எழுத்தை ரெண்டு தடவை பார்த்துட்டுத் தேர்ந்தெடுங்க. தப்பான டிரைவைக் குடுத்தா ஹார்ட் டிஸ்க்கே காலி. அலொகேஷன் யூனிட் 32768, குயிக் ஃபார்மேட். முடிஞ்சதும் பாட்டைத் திரும்ப காப்பி பண்ணி, சேஃப்லி ரிமூவ் குடுத்துட்டு எடுங்க. பிளேயர்ல ஃபைல்ஸ் திறந்தா மேல்மட்டத்துலயே மைக்ரோஎஸ்டி1னு தனி ஃபோல்டர் வரணும். வந்துட்டா கார்டு சரி. பூண்டி சொன்ன டேட்டாபேஸை அதுக்கப்புறம் கட்டிக்கலாம்.

இனிமே அந்தக் கார்டைப் போன்ல போடும்போது ஃபார்மேட் பண்ணவான்னு கேட்டா வேண்டாம்னு குடுங்க.

கொள்ளிடம்
எழுத்துருவுக்கு வருவோம். ராக்பாக்ஸின் எழுத்துருத் தொகுப்பு தனி இறக்கம். கம்ப்யூட்டரில் ஓடும் ராக்பாக்ஸ் யுடிலிட்டி என்ற நிறுவல் நிரலில் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் டிக் போட்டு நிறுவினால், புள்ளியில் தொடங்கும் ராக்பாக்ஸ் ஃபோல்டருக்குள் வந்து அமரும். பிறகு செட்டிங்ஸ், தீம் செட்டிங்ஸ், ஃபான்ட் என்று போய் 16 பிக்சல் குனு யூனிஃபான்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகு தீமை மாற்றினால் தீம் தன் எழுத்துருவைக் கொண்டுவந்துவிடும், மறுபடி கட்டம்தான். தீமை முதலில் போட்டு எழுத்துருவைக் கடைசியில் மாற்றுங்கள்.

கிளிப் பிளஸ் திரை 128-க்கு 64 புள்ளி. மேலே 16 வரிசை மஞ்சள், மீதி நீலம். யூனிஃபான்ட் சரியாக 16 உயரம் என்பதால் முதல் வரி மஞ்சளுக்குள் அடங்கி, கீழே மூன்று வரி நீலத்தில் நிற்கும். இந்தத் திரைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

ஆனால் கொம்பு இடம் மாறாது. ராக்பாக்ஸ் தமிழ் எழுத்துகளை வரிசை மாற்றி அடுக்குவதில்லை, குறியீட்டு வரிசையிலேயே காட்டும். கேதாரம் என்றால் க முன்னால் நிற்கும், இரட்டைக் கொம்பு அதன் பின்னால் வரும். தோடி என்றால் த தனியாக நிற்க, ஓகாரக் குறி முழுவதும் அதற்குப் பின்னால் ஒட்டும். காம்போதியிலும் அதே கதை. பழகினால் படிக்கலாம், அழகாக இருக்காது.

குடமுருட்டி
அதுக்கு ஒரு வழி இருக்கே. ஃபோல்டர் பேர்ல கொம்பை முதல்ல டைப் பண்ணி அப்புறம் எழுத்தைப் போட்டா பிளேயர்ல சரியாத் தெரியும்.

அரசலாறு
வேண்டாங்க. பிளேயர்ல சரியாத் தெரியும், கம்ப்யூட்டர்ல உடைஞ்சு கிடக்கும். தேடினா கிடைக்காது. நூறு ஃபோல்டரை அப்படி மாத்திட்டு அப்புறம் திருத்துறது பெரிய பாடு. ஃபோல்டர் பேருக்கு முன்னால 01, 02ன்னு எண் போட்டு, தமிழை ஒழுங்கா எழுதுங்க.

பூண்டி_நெல்
ஒரு சந்தேகம். போன்லயே தமிழ் அழகா வருது, கார்டும் படிக்குது. இந்தப் பழைய டப்பாவுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? பிளேயரோட வந்த சாஃப்ட்வேரே போதாதா?

அரசலாறு
கச்சேரி கேக்குறவங்களுக்குப் போதாது. ஆலாபனை ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக்னு வெட்டியிருக்கும். பல பிளேயர்களோட சொந்த சாஃப்ட்வேர்ல டிராக் மாறும்போது ஒரு சின்ன இடைவெளி விழும். தம்புரா ஒலி அந்த இடத்துல அறுந்து மறுபடி ஒட்டும். காதுல அடிச்ச மாதிரி இருக்கும். ராக்பாக்ஸ்ல ஃப்ளாக், ஆக் ரெண்டு வகைக் கோப்பும் இடைவெளி இல்லாம ஓடும். எம்பி3 லேம்ங்கற என்கோடர்ல பண்ணினதுன்னா அதுவும் ஓடும்.

ரெண்டாவது, ஃபோல்டரை ஃபோல்டராவே காட்டும். 64 ஜிபி கார்டு போட்டா ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் பட்டியலைப் புதுப்பிக்கிறேன்னு நிமிஷக்கணக்குல உக்கார வைக்காது. மூணு மணி நேர உபன்யாசத்தைப் பாதியில நிறுத்தினா அதே இடத்துலேர்ந்து தொடங்கலாம். ஜெனரல் செட்டிங்ஸ்ல புக்மார்க்கிங்குக்குள்ள போய் புக்மார்க் ஆன் ஸ்டாப், லோட் லாஸ்ட் புக்மார்க் ரெண்டுக்கும் யெஸ் குடுத்தா போதும்.

எனக்கு எல்லாத்தையும்விடப் பெருசு, கம்பெனி கைவிட்ட பெட்டிக்கும் வேலை நடக்குறது. ராக்பாக்ஸ் 2001ல ஆர்க்கோஸ் பிளேயருக்காக ஸ்வீடன்ல ஆரம்பிச்சது, மூலநிரல் யாரும் பாக்கலாம், திருத்தலாம். கிளிப் பிளஸ் 2009ல வந்த பெட்டி. ராக்பாக்ஸ் 4.0 வந்தது 2025ல.

நாயனம்_நேசன்
சுருதியை மாத்துற பிட்ச் திரையை விட்டுட்டீங்களே! கேசட்லேர்ந்து எடுத்த நாகஸ்வரம் பாதிக்குமேல சுருதி ஏறித்தான் இருக்கு. டெக் கொஞ்சம் மெதுவா ஓடிப் பதிஞ்சிருந்தா, சரியான டெக்ல போடும்போது வேகமாகும், சுருதியும் ஏறும். வேகம் ஒரு சதவீதம் தப்பினா 17 சென்ட் தள்ளும் (அரைக் கட்டைக்கு 100 சென்ட்). 6 சதவீதம் தப்பினா அரைக் கட்டை. ரெண்டு கட்டை பாரி நாயனம் (நீளமானது) ரெண்டரையில கேக்கும். பாட்டு ஓடும்போது நடு பொத்தானை அழுத்திப் பிடிச்சா மெனு வரும், அதுல பிட்ச். 94.4 சதவீதம் வெச்சா அரைக் கட்டை இறங்கும். வேகத்தையும் சுருதியையும் தனித்தனியா மாத்துற டைம்ஸ்ட்ரெச்சை ஆன் பண்ணாதீங்க. கேசட் கோளாறுல வேகமும் சுருதியும் சேர்ந்துதான் தப்பியிருக்கு, ரெண்டையும் சேர்த்துத்தான் இறக்கணும்.

குடமுருட்டி
பிளேயர்ல திருத்துறது தப்பான பழக்கம். கோப்பையே ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டிங் புரோகிராம்ல சேஞ்ச் ஸ்பீட் போட்டு ஒரே தடவை திருத்தி வெச்சா எங்க போட்டாலும் சரியா இருக்கும். பிளேயர்ல ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு எண் வெச்சு மாத்திக்கிட்டே இருப்பீங்களா?

நாயனம்_நேசன்
எந்த எண்ணுக்குத் திருத்துறதுன்னு யாரு சொல்றது? அதுதான் கேள்வி. பழைய 78 ஆர்பிஎம் தட்டுலேர்ந்து வந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பதிவுகள்ல, பதிஞ்சப்போ தட்டு என்ன வேகத்துல சுத்துச்சுன்னு நிச்சயம் இல்ல. பாரி நாயனம்னா ரெண்டு, ரெண்டரை. குட்டையான திமிரி நாயனம்னா நாலுக்கு மேல. எந்த நாயனம்னு காதால கேட்டுத்தான் முடிவு பண்ணணும். நாளைக்கு அந்த முடிவு மாறலாம். மூலக் கோப்பைத் தொடக் கூடாது. தவிர ராக்பாக்ஸ் புக்மார்க்ல பிட்சும் வேகமும் சேர்ந்தே பதிவாகும், ஒவ்வொரு தடவையும் வெக்க வேண்டியதில்ல.

குடமுருட்டி
மூலத்தை யாரு அழிக்கச் சொன்னா? நகல் எடுத்துத் திருத்துங்க. ஃப்ளாக்ல சேமிச்சா தரம் குறையாது.

நாயனம்_நேசன்
நகல் எடுத்தவங்க நகலைத்தான் நாலு பேருக்கு அனுப்புறாங்க. பத்து வருஷம் கழிச்சு எது மூலம், எது நகல்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் சொல்றேன்.

குடந்தை_கேசட்
ரெண்டு பேரும் கார்டை மறந்துட்டீங்க.

வெண்ணாறு_கரை
கார்டு ஃபேட் 32 பண்ணிட்டேன், காப்பி ஆகிக்கிட்டு இருக்கு. யூனிஃபான்ட் போட்டா தமிழ் வருது, கொம்பு பின்னாலதான் நிக்குது. ஆனா பிளேயர் எங்க தாத்தாவுக்கு. தவில் வாசிச்சவரு. கண்ணு சுத்தமாத் தெரியாது. பொத்தானை எண்ணி எண்ணி அழுத்துறமாதிரி ஏதாவது வழி இருக்கா?

கொள்ளிடம்
தம்பி, முதல் வரியிலேயே சொல்ல வேண்டியது இது. எழுத்துருவைப் பற்றி எழுதிய அத்தனையும் அவருக்குத் தேவையில்லாதது. எண்ணி அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. ராக்பாக்ஸ் பேசும். பார்வையற்றவர்கள் பலர் ராக்பாக்ஸுக்கு வருவதே இதற்காகத்தான்.

யுடிலிட்டியில் வாய்ஸ் ஃபைல் நிறுவுங்கள், மெனு ஆங்கிலத்தில் பேசும். அவர் மெனுவுக்குள் போகப் போவதில்லை என்பதால் அது உங்களுக்குத்தான். ஃபோல்டர் பெயர்தான் முக்கியம். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரு டாக் கோப்பு இருந்தால், அந்த ஃபோல்டரில் வந்து நின்றதும் அது ஒலிக்கும். அதன் பெயர் இப்படி: அடிக்கோடு, உடனே டிர்நேம், புள்ளி, டாக். நடுவில் இடைவெளி கூடாது. ஜெனரல் செட்டிங்ஸ், வாய்ஸ் உள்ளே போய் டைரக்டரி டாக் கிளிப்ஸ் என்பதை ஆன் செய்ய வேண்டும். பாட்டுகளுக்கும் வேண்டுமானால் கோப்பின் முழுப் பெயர், பின்னொட்டு உட்பட, அதன் பின் புள்ளி டாக் என்று பக்கத்திலேயே வையுங்கள். ஃபைல் டாக் கிளிப்ஸ் என்பதையும் ஆன் செய்யுங்கள்.

அரசலாறு
அந்த டாக் கோப்பை யுடிலிட்டியே உண்டாக்கும், எழுத்தைப் படிச்சுப் பேசுற ஈஸ்பீக் புரோகிராம் இருந்தா போதும். ஈஸ்பீக்குக்குத் தமிழ்க் குரல் இருக்கு. ஃபோல்டர் பேர் ஒழுங்கான தமிழ்ல இருந்தாத்தான் படிக்கும், குடமுருட்டி சொன்ன மாதிரி கொம்பை முன்னால போட்டிருந்தா உளறும். ஆனா தாத்தாவுக்குன்னா உங்க குரல்லயே பதிஞ்சு குடுங்க. மெஷின் குரல் கரகரன்னு இருக்கும்.

போன்ல பேசி வேவ் கோப்பா மாத்துங்க. மோனோ, 16 பிட். வேவை அப்படியே பேர் மாத்தி வெச்சா ஓடாது, ஸ்பீக்ஸ்ங்கற பேச்சு ஒலி வடிவத்துக்கு மாத்தணும். ராக்பாக்ஸ் மூலநிரல்லயே அதுக்கான ஸ்பீக்ஸ் என்கோடர் இருக்கு. பதியும்போது முன்னால அரை நொடிகூட மௌனம் விடாதீங்க, வெட்டிடுங்க. பொத்தானை அழுத்தினதும் பேர் கேக்கலன்னா அவர் மறுபடி அழுத்துவார், அடுத்த ஃபோல்டருக்குப் போயிடும்.

நாயனம்_நேசன்
வித்வான் பேரு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ராகம்னு வைக்காதீங்க. ஒரே அடுக்கு போதும். "தோடி, திருவாவடுதுறை" அப்படின்னு ஒரே மூச்சுல பதிங்க. தவில்காரருக்கு அதுல பாதியிலேயே புரிஞ்சுடும். தனி ஆவர்த்தனம் மட்டும் உள்ள பதிவுகளுக்குத் தாளத்தையும் சொல்லுங்க.

குடந்தை_கேசட்
எல்லாம் முடிஞ்சப்புறமாவது கார்டைக் காலி பண்ணி எச்2டெஸ்ட் போடுங்க. போலிக் கார்டுன்னா முதல் 8 ஜிபி நல்லா ஓடும், அதுக்கு மேல எழுதினது எல்லாம் காத்தோட போயிடும். பெரியவருக்கு எதனால பாட்டு நிக்குதுன்னே தெரியாது.

வெண்ணாறு_கரை
கார்டு பிளேயர்ல தெரியுது. டெஸ்ட் போட்டேன், ஒரிஜினல்தான். நாப்பது ஃபோல்டர் பதிஞ்சாச்சு. தோடின்னு சொல்லுது. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

வெட்டாறு
எங்கிட்ட கிளிப் ஜாம் இருக்கு. இதே முறைதானா?

அரசலாறு
இல்லைங்க. கிளிப் ஜாம், கிளிப் ஸ்போர்ட் ரெண்டுக்கும் ராக்பாக்ஸ் கிடையாது, உள்ள இருக்குற சில்லே வேற. கிளிப், கிளிப் பிளஸ், கிளிப் ஸிப் மூணுக்கும்தான் இருக்கு. அதுலயும் பழைய கிளிப்புல கார்டு போடுற இடமே இல்ல. பெட்டியோட பின்பக்கம் இருக்குற பேரைப் படிச்சுட்டு அப்புறம் கோப்பை இறக்குங்க.