கார் ரேஸ் கேமின் அடுத்த பாகம் வர ஏன் இவ்வளவு காலம் இழுக்குது? நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ

மூன்றாம்கியர், வெள்ளவத்தை

கிரான் டுரிஸ்மோ 5 விளையாடின ஆக்களுக்கு அந்தக் கறுப்பு உட்புறம் மறக்காது. ஸ்டாண்டர்ட் எண்டு பிரிச்ச, பழைய பாகங்களில இருந்து கொண்டுவந்த கார் ஒண்டை எடுத்துக் கமராவை உள்ளுக்கு மாத்தினா ஸ்டியரிங்கும் தெரியாது, டாஷ்போர்டும் தெரியாது. ஜன்னல் வடிவத்தில வெட்டி ஒட்டின கறுப்பு மட்டை மாதிரி ஒரு நிழல் மட்டும். அதுகூட அடுத்த வருஷ அப்டேட்டிலதான் வந்தது. 2010 நவம்பரில கேம் வெளிவரேக்க அந்தக் கார்களுக்கு உள்பக்கக் கமராவே இல்லை.

முழுக் கணக்கும் அந்தக் கறுப்புக்குள்ளதான் கிடக்கு. இந்தக் கேமை உருவாக்கின யமவுச்சி சொன்னபடி, முதல் கேமில ஒரு காரைச் செய்ய ஒரு ஆளுக்கு ஒரு நாள் போனது. நாலாவதில ஒரு மாசம், அஞ்சாவதில ஆறு மாசம். அஞ்சாவதுக்கு 1000 கார் எண்டு சொல்லியாச்சு. ஆறு மாசப்படி 1000 காரையும் புதுசாச் செய்யப் போனா ஒரு ஆளுக்கு 500 வருஷ வேலை. 50 பேரை இருத்தினாலும் பத்து வருஷம். அதுதான் கிட்டத்தட்ட 200 காரை ஒழுங்காச் செய்துபோட்டு, மிச்சம் 800ஐயும் பிஎஸ்2, பிஎஸ்பி எண்ட பழைய பிளேஸ்டேஷன் காலத்து மொடலாவே தூக்கி வைச்சவை. அப்படி மிச்சம் பிடிச்சும் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில ஆறு வருஷம் போட்டுது.

நிழல்வலை, தெஹிவளை

அண்ணா, அந்த ஆறு மாசத்தில வடிவம் பிடிக்கிறது சின்னப் பங்குதான். கார் கொம்பனியில இருந்து கேட் (CAD) எண்ட கணினி வரைபடக் கோப்பு வந்தா அதையே போட்டுவிடலாம் எண்டு வெளியில நினைக்கினம். அதுக்குள்ள கதவுக்குள்ள இருக்கிற கிளிப், நட்டு, போல்ட் எல்லாம் கிடக்கும்; மேற்பரப்புகள் ஒண்டோடொண்டு ஒட்டியும் இராது. அதைக் கீழ வைச்சு மேல முக்கோணங்களால புது வலை பின்னவேணும். கிட்ட தெரியிற மொடலுக்கு லட்சக்கணக்கில முக்கோணம், தூரத்துக்கு நாலைஞ்சு படி குறைச்ச மொடல், உள்பக்கம், ரிம், அடிபட்டா நசியிறதுக்கு வேற வலை. பிறகு ஸ்டிக்கர் ஒட்ட, வலையைத் தட்டையா விரிச்ச படம். நினைவகம் மிச்சம் எண்டு இடப்பக்கத்தையே வலப்பக்கத்துக்கும் திருப்பிப் போட்டிருந்தா, ஒரு கதவில 27 சரியா இருக்கும், மற்றக் கதவில கண்ணாடியில பார்த்த மாதிரித் திரும்பி நிக்கும்.

ஆனா எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிறது வேற. பழைய பாகத்துக் காரைப் புதுக் கேம் எஞ்சினுக்குள்ள (கேமை ஓட்டுற மென்பொருள்) கொண்டுவந்து, ரே ட்ரேசிங்கை (வெளிச்சம் போற வழியைக் கணக்குப் போட்டுப் பிம்பம் காட்டுற முறை) முதல்முதலாப் போட்ட நேரம். நேராப் பார்த்தாக் கார் நல்ல வடிவு. பக்கத்தில நிண்ட காரின் கதவில விழுந்த அதின்ர பிம்பத்தைப் பார்த்தா, ஹெட்லைட்டுக்குள்ள ஒண்டுமில்லை, அங்கால ரோட்டுத் தெரியுது. பழைய எஞ்சினில கமரா போகாத பக்கத்தை ஆக்கள் செய்யாமலே விட்டிருப்பினம், ஒரு பக்க முகம் காணும் எண்டு. ரே ட்ரேசிங் எல்லாப் பக்கத்தாலயும் பார்க்கும். அந்த ஒரு சுவிட்சைப் போட்டதும், இருந்த கார் எல்லாத்தின்ர ஹெட்லைட்டையும் திருப்பித் திறக்கவேண்டியதாப் போச்சு.

அதுக்குப் பிறகும் கொம்பனிக்குப் படம் அனுப்பி ஒப்புதல் எடுக்கவேணும். "இந்த ரிம் இந்த வருஷ மொடலுக்கு வராது" எண்டு ஒரு வரி திரும்பி வந்தாப் போதும், அந்தக் கார் திரும்பவும் வரிசையின் கடைசிக்கு.

கியர்பொக்ஸ், கொட்டாஞ்சேனை

ரெண்டு பேரும் கார் மொடலையே பிடித்துத் தொங்குறீங்க. ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 2005, 2007, 2009, 2011, 2013, 2015, 2017 என்று ரெண்டு வருஷத்துக்கொன்று வந்தது. அவங்க காரும் ஆறு மாசம் எடுக்கிற கார்தானே? 2012இல் இருந்து ஃபோர்ஸாவின் மற்றத் தொடரான ஹொரைசனை இங்கிலாந்தில் பிளேகிரவுண்ட் ஸ்டூடியோ செய்ய, மோட்டார்ஸ்போர்ட்டை டேர்ன் 10 ஸ்டூடியோ செய்தது. செய்து வைத்த கார் மொடல்களின் கிடங்கு ரெண்டுக்கும் பொது. அதனால் வருஷத்துக்கு ஒரு ஃபோர்ஸா வந்த மாதிரித் தெரிந்தது. பழையதை அப்படியே கொண்டுபோகாமல் அடியிலிருந்து கட்டப் போனபோதுதான் 2017க்குப் பிறகு அடுத்தது 2023 ஒக்டோபர் வரை போனது.

நீட் ஃபோர் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2003, இரண்டாவது 2004, மோஸ்ட் வோண்டட் 2005, கார்பன் 2006. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி நெட் கஃபேக்களில் ஒன்றை முடிக்கமுதல் மற்றது வந்துவிடும். நாலும் ஒரே ஸ்டூடியோ. இப்போ 2019க்குப் பிறகு 2022.

மரியோ கார்ட்டை எடுங்க. ஹெட்லைட்டும் இல்லை, லைசன்ஸும் இல்லை. 8ஆவது 2014 மே, கன்சோலுக்கு அடுத்த முழுப் பாகம் 2025 ஜூன். பதினொரு வருஷம்! காரணம், 2017இல் ஸ்விட்ச் கன்சோலுக்குத் திருப்பி விட்ட அதே 8இன் டீலக்ஸ் பதிப்பு 6 கோடிக்கு மேல் விற்றது. விற்றுக்கொண்டிருக்கிற சாமானுக்குப் பக்கத்தில் புதுசை யார் வைப்பான்?

ரிப்ளேக்காரன், மட்டக்குளி

ஒரே ஒரு காட்சி. ரேஸ் முடிந்தது, ரிப்ளே ஓடுது. மூன்றாவது லாப்பில் முதல் கார் வளைவுக்கு ஒரு அடி முன்னமே திரும்பி மதிலில் ஏறுது. ஏறின பிறகும் நிற்கவில்லை. புல்லுக்குள் நின்று இடம், வலம், கியர் மாற்றம், பிரேக் எல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டே இருக்கு, அங்கே ரோடு இருப்பதாக நினைத்து.

ரிப்ளேயில் காரின் இடத்தைப் பதியாமல் ஸ்டியரிங், பெடல் அசைவை மட்டும் பதிந்தால் இப்படித்தான் வரும். கோப்பு மிகச் சிறிசு, ஆனால் பௌதிகக் கணக்கு ஒவ்வொரு தடவையும் கடைசித் தசமம் வரை ஒரே விடை தரவேண்டும். அடுத்த பாகத்துக்காக ரயர் கணக்கைத் துளி மாற்றினாலும் பழைய ரிப்ளே முழுக்கப் போய்விடும். இடத்தையும் திரும்பலையும் பதிந்தால் பயமில்லை: ஒரு காருக்கு 28 பைட், செக்கனுக்கு 20 தடவை, 16 கார் என்றால் செக்கனுக்கு 9 கிலோபைட் அளவு, பத்து நிமிஷ ரேஸுக்கு அஞ்சரை மெகாபைட்டுக்குள் அடங்கும்.

கியர்பொக்ஸ் அண்ணா, காலம் தின்பது கிடங்கு இல்லை, ரயர்தான். ரயர் ரோட்டைப் பிடிக்கிற கணக்கை மாற்றினால் கொம்பியூட்டர் ஓட்டுற கார்கள் எல்லாம் பழைய இடத்தில் பிரேக் பிடித்து நேரே மணலுக்குள் போகும். ஒவ்வொரு காரையும் ஒவ்வொரு ட்ராக்கிலும் ஓடவிட்டு, பிரேக் இடம், லாப் நேரம், பரிசுக் காசு வரை திரும்ப அமைக்கவேண்டும். 400 கார், 30 ட்ராக் என்றால் 12,000 சோடி. இதுக்கு ட்ரெய்லரில் ஒரு செக்கன்கூடக் கிடைக்காது.

பானு, பம்பலப்பிட்டி

சத்தத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. காரை டைனோவில் (நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிடுகிற சோதனை மேடை) கட்டி, சைலன்சர் வாயில், காற்று இழுக்கிற பக்கத்தில், கேபினுக்குள் மைக் வைத்து, கீழ் ஆர்பிஎம்மில் இருந்து மேலே மெதுவாக ஏற்றி இறக்கிப் பதிவார்கள். அக்சலரேட்டர் மிதிச்சது ஒன்று, விட்டது ஒன்று. கேட்டதும் கூசினது, 4,000 ஆர்பிஎம் தாண்டினவுடன் டைனோவின் குளிரூட்டும் மின்விசிறி பாடினது. ஒரு துண்டில் விசிறிச் சத்தம் இருக்கு, அடுத்த துண்டில் இல்லை. ரெண்டையும் ஒட்டின இடத்தில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு "ஹூம்". வடிகட்டினால் எஞ்சினின் கரகரப்பும் சேர்ந்து போகும். காரைத் திரும்ப வாடகைக்கு எடுத்துப் பதியிறதைவிட வேறு வழியில்லை.

மருதானை நானா

பிள்ளைகள் ரெண்டு மூணு பேர் கொழும்புல கார் கேம் செய்யப் போறோம்னு கேக்கிறாங்க, அதுக்காகச் சொல்றேன். யாரும் கேக்கலைன்னாலும் சொல்றேன்.

நான் பாத்தது ஒரு டெமோ. மூவீல் (முச்சக்கர வண்டி) ஓடுது, நூறு கிலோமீட்டர் வேகத்துல ஒண்ணுமில்லாத சமதரை ரோட்டுல சும்மா துள்ளுது. காரணம் யூனிட்டிங்கிற கேம் செய்ற மென்பொருள்ல பௌதிகத்தைச் சும்மா விட்டா செக்கனுக்கு 50 தடவைதான் கணக்குப் போடும். 100 கிலோமீட்டர் வேகம்னா ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 55 சென்ரிமீட்டர் வண்டி போயிடும். அதை 0.02ல இருந்து 0.005க்குக் குறைச்சா 14 சென்ரிமீட்டர். அசெட்டோ கோர்சாங்கிற ரேஸ் கேம் செக்கனுக்கு 333 தடவை போடுது, சும்மா இல்ல. பிறகும் துள்ளினா ரோட்டு வலையில முக்கோணங்கள் சேர்ற விளிம்புகளைப் பாருங்க, புள்ளிகள் ஒண்ணாச் சேராம இருக்கும். அதை இணைச்சு விடுங்க.

கார் கவிழாம இருக்க எடை மையத்தை அச்சு உயரத்துக்கு இறக்குறது எல்லாரும் செய்ற வேலை. மூவீலுக்கு அதைச் செய்ய வேணாம். அது கவிழணும், இல்லாட்டி அது மூவீலே இல்ல.

காலி வீதியை ட்ராக்கா எடுக்காதீங்க. நேரா, தட்டையா இருக்கு, கடைப் பலகை ஒவ்வொண்ணும் ஒருத்தர்ட வர்த்தகக் குறி. ஏத்தம் இறக்கம் வேணும்னா நுவரெலியாப் பக்கம் போங்க. கார் பேரையும் சொந்தமா வைங்க. போர்ஷே லைசன்ஸ் 2016 வரைக்கும் ஈஏங்கிற கேம் கொம்பனி கையில தனியா இருந்ததால கிரான் டுரிஸ்மோவே போர்ஷேக்குப் பதிலா ரூஃப்ங்கிற கொம்பனிட காரை வச்சு ஓட்டினது. லைசன்ஸுக்கு முடிவுத் திகதியும் இருக்கும். ஃபோர்ஸா ஹொரைசன் 4ஐ 2024 டிசம்பர் 15ல விற்பனையில இருந்து எடுத்துட்டாங்க, நல்லா ஓடிட்டிருந்த கேம்.

முதல் பாகத்துக்கு ஒரு ட்ராக், மூணு கிலோமீட்டர், ஆறு வண்டி. ரெண்டாவது பாகம் வரும்னா முதல் நாளே சேவ் கோப்புல பதிப்பு எண் போடுங்க. காரை வரிசை எண்ணால சேமிக்காதீங்க, ஒவ்வொண்ணுக்கும் மாறாத அடையாளம் குடுங்க. இல்லாட்டி நடுவுல ஒரு காரைச் சேர்த்த அன்னைக்கு எல்லார்ட கராஜிலயும் வேற கார் நிக்கும்.

மூன்றாம்கியர், வெள்ளவத்தை

நானா, மூவீல் கதை சரி. கியர்பொக்ஸ், மரியோ கார்ட் விஷயத்தை ஒத்துக்கொள்ளுறன், ஆனா நீங்களே ஃபோர்ஸாக்குக் கிடங்கு பொது எண்டுதானே சொல்லுறீங்கள்? கிடங்கு இருந்தா ரெண்டு வருஷம், கிடங்கைத் திறந்து பார்த்தா ஆறு வருஷம். நிழல்வலை சொன்ன ஹெட்லைட்டும் அதுதான்.

கியர்பொக்ஸ், கொட்டாஞ்சேனை

அப்போ வருஷா வருஷம் வந்த எஃப்1 (ஃபோர்முலா 1) கேம்? 2026க்குத் தனிக் கேம் இல்லை, எஃப்1 25 கேமுக்கு மேல் ஒரு விரிவாக்கம்தான், அடுத்தது 2027 என்று ஈஏ அறிவித்துவிட்டது. 2026இல் நிஜக் காரின் விதியே மாறுது: எஞ்சின், ஏரோ (காற்றோட்டத்துக்கேற்ற வடிவம்) எல்லாம். ரிப்ளேக்காரன் சொன்ன 12,000 சோடி அங்கேதான் வந்து இடிக்குது என்று வைத்துக்கொள்வோம்.

நிழல்வலை, தெஹிவளை

கடைசி வாரங்களையும் சேருங்கோ. சோனி, மைக்ரோசொஃப்ட், நின்டெண்டோ மூண்டுக்கும் தனித்தனிச் சோதனை. ரேஸ் நடுவில ஸ்டியரிங் வயரைக் கழற்றினாக் கேம் தானா நிண்டு, "கொன்ட்ரோலர் இணைப்பு இல்லை" எண்டு காட்டவேணும். காட்டாமக் கார் முழு அக்சலரேட்டரில ஓடினதாலயே ஒரு பதிப்புத் திரும்பி வந்தது. திருத்தம் சில வரிதான். ஆனா புதுப் பதிப்புக் கட்டி, எல்லாம் திரும்பச் சோதிச்சு, வரிசையில நிண்டு அனுப்பவேணும். வெளியீட்டுத் திகதிக்கு முன்னம் ரெண்டு தடவை திரும்பி வர இடம்விட்டுத்தான் அட்டவணை போடவேணும்.