பொது அறிவுப் போட்டியில உங்க மனசுல நின்ன கேள்வி எது? அனுபவத்த சொல்லுங்க

கொட்டகலை பையன்

எங்க பக்கத்துல இருக்க தேயிலைத் தோட்டங்களோட இளைஞர் மன்றங்கள் எல்லாம் சேந்து பொது அறிவுப் போட்டி நடத்துறோம், லீக் மாதிரி, ஒரு மாசம் ஒரு தோட்டத்து வாசகசாலை, அடுத்த மாசம் இன்னொரு தோட்டத்து கோயில் மண்டபம், போயா (பௌர்ணமி) லீவு பாத்து வைப்போம். டீமுக்கு நாலு பேரு. பஸர் எல்லாம் கிடையாது, ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும், யார் முதல்ல தட்டுறாங்களோ அவங்க சொல்லணும்.

போன சுத்துல ஒரு கேள்வி வந்துச்சு, இலங்கையில ரெண்டாவது உயரமான மலை எது? மஸ்கெலியா பக்கத்து டீம் கேள்வி முடியுறதுக்கு முன்னாடியே தட்டி சிவனொளிபாதமலைன்னு சொன்னாங்க, கேள்வி கேட்ட சேர் கையில இருந்த தாள்லயும் அதுதான் இருந்துச்சு, பத்து மார்க் போட போயிட்டாரு. அப்பதான் கடைசி மேசையில இருந்த ஒரு தங்கச்சி, இந்த வருஷம் ஓஎல் பரீட்சை எழுதுறவ, எந்திரிச்சு "சேர், அது பிழை"ன்னா. மண்டபமே சத்தம் போட்டுச்சு. அவ அசையல, பையில இருந்து ஸ்கூல் அட்லஸ எடுத்து, மலைநாட்டு பக்கத்த திறந்து, விரல வச்சு காட்டுனா. முதல்ல பிதுருதலாகலை 2,524 மீட்டர். அடுத்தது ஹோர்ட்டன் சமவெளியில இருக்க கிரிகல்பொத்த, 2,390 கிட்ட. அதுக்கப்புறம் தொட்டுபொல கந்த, அதுவும் அங்கதான், 2,357. சிவனொளிபாதம் 2,243 தான், இந்த மூணுக்கும் கீழ.

மஸ்கெலியா பசங்க விடவே இல்ல, "எங்க ஊருல நின்னு பாருங்க, அதவிட பெருசு எதாச்சும் தெரியுதா"ன்னு கேட்டாங்க. அதுக்கு எங்க மன்றத்து மூத்த அண்ணன் ஒருத்தரு ஒரு விளக்கம் குடுத்தாரு, அதனாலதான் இந்தக் கேள்வி எனக்கு மறக்காது. நுவரெலியா டவுனே கிட்டத்தட்ட 1,870 மீட்டர்ல இருக்கு, அங்க இருந்து பிதுருதலாகலைய பாத்தா மிச்சம் அறுநூத்தம்பது மீட்டர்தான் கண்ணுக்கு தெரியும், பக்கத்து குன்று மாதிரி இருக்கும். ஆனா நல்லதண்ணியில இருந்து சிவனொளிபாதத்துக்கு ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏறணும், பக்கத்துல ஈடா வேற மலை இல்லாம தனியா கூரா நிக்குது, அதான் கண்ணு அதையே பெருசுன்னு எடுத்துக்குது. கடல் மட்டத்துல இருந்து அளக்குறதுன்னா என்னன்னு எங்களுக்கு பத்து வருஷம் ஸ்கூல்ல சொல்லி குடுத்துருக்காங்க, ஆனா எனக்கு அது விளங்குனது அன்னிக்குத்தான்.

உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும், எழுதுங்க.


பண்டாரவளை டீச்சர்

தம்பி, நான் எங்க ஸ்கூல் பிள்ளைகள கூட்டிட்டு இந்த மாதிரி போட்டிக்கு போறவ. எனக்கு ரயில் கேள்விதான். இலங்கையில உயரமான ரயில் நிலையம் எதுன்னு கேட்டா பாதிப் பேரு நானுஓயான்னுதான் சொல்லுவாங்க, நுவரெலியாவுக்கு இறங்குற இடம்ங்கறதால. ஆனா சரியான பதில் பட்டிப்பொல, 1,891 மீட்டர். எங்க டீம்ல இருந்த ஒரு பையன் பட்டுனு சொல்லிட்டான், எப்படிடா தெரியும்னு கேட்டேன். அவங்கப்பா ரயில் பாதையில வேல செய்யுறவரு, லீவுக்கு ஸ்டேஷனுக்கு போறப்பல்லாம் பெயர்ப் பலகைய படிப்பானாம். அதுல ஊர் பேருக்கு கீழ கொழும்பு கோட்டையில இருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்னு போட்டிருக்குல்ல, அத ஒவ்வொரு ஸ்டேஷனா கொப்பியில எழுதி வச்சிருக்கான். பென்சில்ல கோடு போட்டு, ஏறி இறங்குற மாதிரி படமும் வரைஞ்சிருந்தான், பட்டிப்பொல தாண்டி ஒஹியாவுக்கு போற வழியில 1,898 மீட்டர்ல உச்சி, அதுக்கு பிறகு சுரங்கம், சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஊவா மாகாணம். இந்தப் பக்கம் மழையும் பனியுமா இருக்கும், வெளிய வந்தா வெயில் அடிக்கும், அதையும் ஒரு சூரியன் போட்டு காட்டியிருந்தான். நான் எத்தனையோ வருஷமா படிப்பிக்கிறேன், அந்தக் கொப்பி மாதிரி ஒரு புவியியல் பாடம் நான் பாத்ததில்ல.

அதே போட்டியில இன்னொரு கேள்வி, ரயில் போற பாதைக்கு மேலேயே ஸ்டேஷன் இருக்க இடம் எது? தெமோதரை. ரயில் ஸ்டேஷன விட்டு கிளம்பி மலைய ஒரு சுத்து சுத்திட்டு அதே ஸ்டேஷனுக்கு அடியில இருக்க சுரங்கத்துக்குள்ள போகும். ஏன் அப்படி சுத்துதுன்னா, அவ்வளவு சரிவுல ரயில் நேரா இறங்க ஏலாது, சுத்தி இறக்குனாத்தான் சாய்வு குறையும். வருஷங்கள வரிசையா வச்சு பாத்தாலே எவ்வளவு கஷ்டப்பட்டு போட்ட பாதைன்னு தெரியும், கண்டிக்கு 1867, நாவலப்பிட்டி 1874, நானுஓயா 1885, பண்டாரவளை 1894, பதுளைக்கு போய் சேர 1924 ஆயிருச்சு. ஒன்பது வளைவுப் பாலம் 1921. இந்தப் பாதைய வெட்டுன கைகள் எங்க ஆளுங்களோட கைகளும்தான், அத எந்தப் போட்டியிலயும் யாரும் கேக்குறதில்ல, கேக்கணும்.


லிந்துலை

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க போட்டியில உயரமான நீர்வீழ்ச்சி எதுன்னு கேக்குறப்ப கரண்ட் போயிருச்சு, நல்ல மழ வேற, போன் டார்ச் வெளிச்சத்துல பதில் சொன்னோம். பம்பரகந்த, 263 மீட்டர், பதுளை மாவட்டம். சென்கிளேயர்னு கத்துனவங்களும் இருந்தாங்க, ரோட்டுல இருந்து தினமும் பாக்குறது அதுதானே.


ஓய்வு பெற்ற டீமேக்கர்

புள்ளைங்களா, தேயிலை ஃபேக்டரியில தூள் தயாரிப்ப பாத்துக்கிட்டிருந்தவன் நான், பார்வையாளரா உக்காந்திருந்த ஒரு போட்டிய சொல்றேன். தேயிலை சுத்துன்னு தனியா ஒரு சுத்து வச்சிருந்தாங்க, நல்ல யோசன. இலங்கையில தேயிலைய தோட்டப் பயிரா ஆரம்பிச்ச ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர தோட்டம், 1867, 19 ஏக்கர், எல்லாம் மட மடன்னு சொன்னாங்க. கோப்பிய அழிச்ச இலைத்துரு நோய் 1869ல வந்ததும் சொன்னாங்க. பேராதனை பூங்காவுக்கு 1824லயே சீனாவுல இருந்து தேயிலைச் செடி வந்திருச்சுன்னும் ஒரு புள்ள சொல்லுச்சு, எனக்கு பெரும சொல்லி முடியாது. அடுத்த கேள்வி, ஒரு கிலோ தேயிலத்தூளுக்கு எத்தன கிலோ பச்சக் கொழுந்து வேணும்? ஒருத்தரும் தட்டுல கை வைக்கல. ஒரு தம்பி ஒன்றரை கிலோன்னு சொன்னான், இன்னொருத்தன் பத்துன்னான்.

அந்தத் தம்பியோட அம்மா அன்னிக்கு காலையிலயும் மலைக்கு போய் கொழுந்து எடுத்து நிறுத்து போட்டுட்டு வந்தவ, பின்னாடிதான் நின்னுகிட்டிருந்தா. அவளுக்கும் தெரியல. அவ தப்பில்ல, தராசுல நிறுக்குறதோட அவளுக்கும் கொழுந்துக்கும் உள்ள கணக்கு முடிஞ்சிருது, ஸ்டோருக்குள்ள, அதான் தேயிலை ஃபேக்டரிக்குள்ள, என்ன நடக்குதுன்னு யார் அவளுக்கு சொன்னா?

சுமாரா நாலரை கிலோ வேணும். ஏன்னா கொழுந்துல முக்காவாசிக்கு மேல தண்ணிதான். மாடியில வாட்டுத் தட்டுல பரப்பி அடியில காத்து விட்டு ராத்திரி முழுக்க வாட்டுவோம், கையில எடுத்து பொத்திப் பிடிச்சு விட்டா உருண்டையா நிக்கணும், உடையக்கூடாது, அதான் பதம். வாடல் பத்தாம ரோலர்ல போட்டா சாறு வழிஞ்சு வீணாப் போகும். அப்புறம் ரோலர்ல நசுங்கி, பச்ச நெறம் மாறி செம்பு நெறத்துக்கு வரும், அந்த வாசன வர்ற நேரம் பாத்து டிரையருக்கு அனுப்பணும், கொஞ்சம் முந்துனா பச்ச வாட அடிக்கும், பிந்துனா தேத்தண்ணி சப்புன்னு போயிரும். டிரையர்ல இருந்து வெளிய வர்றப்ப நூத்துக்கு மூணு பங்குதான் ஈரம் இருக்கும். நான் எந்திரிச்சு இதெல்லாம் சொன்னேன், போட்டிய நிறுத்திட்டு கேட்டாங்க. முடிஞ்ச பிறகு அந்தம்மா என்கிட்ட வந்து, "அப்ப ஐயா, நான் பதினெட்டு கிலோ எடுத்தா நாலு கிலோ தூளா"ன்னு கேட்டா. ஆமாம்மான்னு சொன்னேன். பிறகு கடையில ஒரு கிலோ என்ன வெல விக்குதுன்னு மகன்கிட்ட கேட்டுக்கிட்டே போனா.


நோர்வூட் அக்கா

ஐயா, படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. எங்க தோட்டத்து திருவிழா போட்டியில நடந்தத நானும் சொல்லிர்றேன். இந்திய வம்சாவளி தோட்டத் தமிழர்கள்ல யார எந்த நாடு எடுக்குறதுன்னு இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எந்த வருஷம்னு கேட்டாங்க. 1964ன்னு சரியா சொன்னாங்க. உபகேள்வி, எத்தன பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு முடிவாச்சு? டீம்ல யாருக்கும் வரல, பார்வையாளர் பக்கம் கேட்டாங்க. பின்வரிசையில இருந்த ஒரு பாட்டி சொன்னாங்க, அஞ்சே கால் லட்சம் பேரு அங்க, மூணு லட்சம் பேருக்கு இங்க பிரஜாவுரிம, மிச்சம் ஒன்றரை லட்சம் பேர பத்தி பிறகு பேசுறதுன்னு விட்டாங்க, 1974ல பாதிக்கு பாதியா பிரிச்சாங்கன்னு. தாளே பாக்காம, ஒரு எண் பிசகாம. கேள்வி கேட்ட தம்பி "பாட்டி எப்படி இவ்வளவு ஞாபகம்"னு கேட்டான். அவங்க அண்ணன் குடும்பம் அந்த அஞ்சே கால் லட்சத்துல சேந்தது. ஹட்டன்ல ரயிலேறி தலைமன்னார் போய் கப்பல்ல ராமேஸ்வரம், அங்க இருந்து மண்டபம் முகாம், கடைசியா கூடலூர் பக்கம் ஒரு தேயிலத் தோட்டம். அண்ணன அதுக்கு பிறகு பாக்கவே இல்லயாம்.

மார்க் யாருக்கு போடுறதுன்னு யாருமே கேக்கல. அதுல இருந்து நாங்க எல்லா போட்டியிலயும் எங்க சரித்திரத்துல இருந்து ஒரு சுத்து வைக்கிறோம். 1940ல முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்துல பொலிஸ் சுட்டு இறந்த தொழிலாளி கோவிந்தன், 1947 தேர்தல்ல பாராளுமன்றம் போன இலங்கை இந்தியன் காங்கிரஸ்காரங்க ஏழு பேரு, எங்க ஆளுங்கள நாடற்றவங்களாக்குன 1948 பிரஜாவுரிமச் சட்டம், தோட்டத் தொழிலாளருக்கு சங்கம் கட்டுன கோ. நடேசய்யர், அவரோட மனைவி மீனாட்சியம்மை, எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. முரளிதரன் 800 விக்கெட்னு சொல்ற புள்ள இதையும் சொல்லணும்.


கொட்டகலை பையன்

அக்கா, அந்த சரித்திர சுத்து கேள்விகள எங்களுக்கும் அனுப்புங்க, ஐயா, நீங்களும் ஸ்டோர் கேள்வி எழுதி தாங்க, கட்டாயம் போடுறோம்.

ஒரு வேண்டுகோள் மட்டும். கேள்வி தயாரிக்கிறவங்க பழைய பொது அறிவு புத்தகங்கள வச்சு அப்படியே எழுதாதீங்க. எங்க வாசகசாலையில இருக்க புத்தகத்துல இன்னும் கோள்கள் ஒன்பதுதான், புளூட்டோவ 2006லயே பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. ஆபிரிக்காவுல பெரிய நாடு சூடான்னு இருக்கு, 2011ல தென் சூடான் பிரிஞ்ச பிறகு அது அல்ஜீரியா. சனத்தொகையில முதல் நாடு சீனான்னு இருக்கு, 2023ல இந்தியா முந்திருச்சு. எவரெஸ்ட்டுக்கும் 2020ல புதுசா அளந்து 8,848.86 மீட்டர்னு போட்டுட்டாங்க. சரியான பதில் சொன்ன புள்ளைக்கு பூச்சியம் போட்டு அனுப்புனா அது அடுத்த தடவ தட்டுல கை வைக்காது, நான் நேர்ல பாத்திருக்கேன்.

அதனால ஒவ்வொரு கேள்விக்கு பக்கத்துலயும் எந்த வருஷத்து தகவல், எங்க பாத்ததுன்னு எழுதி அனுப்புங்க. மலை சுத்துக்கு அந்த அட்லஸ் தங்கச்சியையே கேள்வி போட சொல்லியிருக்கோம், ரயில் சுத்துக்கு டீச்சரோட பையன் வருவானான்னு கேட்டு சொல்லுங்க, நானுஓயா வரைக்கும் ரயில்ல வந்தா நாங்க வேன் அனுப்புறோம்.