விதையிலிருந்து பூக்கும் கள்ளி: நம் சிங்கப்பூரில் எது தேறும்?

ஈசூன்வாசி:
வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கிழக்கு நோக்கிய தாழ்வாரத்தில் ஜிம்னோகேலிசியம், ரெபூட்டியா ஆகிய கள்ளி வகைகளின் விதைகளை விதைக்க எண்ணியுள்ளேன். விதைகளை மண்ணால் மூட வேண்டுமா? ஆண்டு முழுவதும் வெப்பமான இங்கு அவை பூக்குமா?

தெம்பனிஸ் தோட்டக்காரர்:
மூட வேண்டாம், கள்ளி விதைகள் பெரும்பாலும் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) கலந்த மண்ணில் கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, அதன்மேல் விதைகளைத் தூவி, தொட்டியைத் தெளிவான பிளாஸ்டிக் பையில் கட்டி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஓரிரு வாரங்களில் கடுகளவுப் பச்சை உருண்டைகள் தெரியும். முள் வந்தபின் பையைச் சிறிது சிறிதாகத் திறப்பதில்தான் பொறுமை வேண்டும். காற்றோட்டமின்றி ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து நாற்றின் அடி அழுகிவிடும்.

உட்லண்ட்ஸ் முள்ளன்:
ரெபூட்டியாவை விட்டுவிடுங்கள், ஐயா. பொலிவியா, அர்ஜென்டினா மலைகளில் வளரும் அது, குளிர்ந்த, உலர்ந்த ஓய்வுக்காலம் கிடைத்தால்தான் நன்றாக மொட்டு வைக்கும். நம் இரவுகளிலோ அத்தகைய குளிர் கிடைப்பதே அரிது. ஜிம்னோகேலிசியம் நல்ல தேர்வு, சில ஆண்டுகளில் பூத்துவிடும். பிரேசிலின் வெப்பப் பகுதிகளில் வளரும் மெலோகாக்டஸும் இங்கு மகிழ்ச்சியாக வளரும், ஆனால் உச்சியில் கம்பளித் தொப்பி முளைத்த பிறகே பூக்கும் என்பதால் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும்.

தெம்பனிஸ் தோட்டக்காரர்:
அடித்தட்டில் ஊற்றும் நீர் மண்ணில் ஏறியதும் மீதியைக் கொட்டிவிடுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தட்டே போதும்.