ராத்திரி சென்சார் 55, மீட்டர் 118: பம்ப் இன்சுலினை நிறுத்திவிடுகிறது

செம்பூர் அப்பா:
மகளுக்கு 10 வயது, டைப் 1 சர்க்கரை நோய். 780ஜி இன்சுலின் பம்ப், சுகரைத் தொடர்ந்து அளக்கும் கார்டியன் 4 சென்சார் இடது கையில். ராத்திரி ரெண்டு மணிவாக்கில் லோ அலாரம். சென்சார் 55 என்கிறது, விரலில் குத்தினால் 118. பம்ப் விட்டுவிட்டு நிறுத்துவதால் காலையில் 200-ஐத் தாண்டுகிறது. சென்சார் பழுதா? போதாததற்கு நேற்றிலிருந்து காய்ச்சல், பாராசிட்டமால் ஓடுகிறது.

மாட்டுங்கா எஜுகேட்டர்:
இடது பக்கம் சாய்ந்து தூங்குகிறாளா பாருங்க. கை அழுந்தினால் அந்த இடத்துத் திசுநீரில் குளுக்கோஸ் குறையும், ரத்தத்தில் குறைந்திருக்காது. கிராஃப் பார்த்தாலே தெரியும்: சமமாகப் போன கோடு செங்குத்தாக விழும், புரண்டு படுத்ததும் சட்டென ஏறிவிடும். நிஜ லோ அப்படி விழுவது அபூர்வம். அடுத்த சென்சாரை வலது கையில் போடுங்க. ஆனால் அலாரம் அடித்தால் கட்டாயம் குத்திப் பாருங்க. 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்தணும். மாம்பழம் தொட்ட விரலோடு குத்தாதீங்க, பொய்யாக ஏற்றிக் காட்டும். கை அழுந்தியிருக்கும்போது காலிபரேட் (மீட்டர் அளவைக் கொடுத்து சென்சாரைச் சரிசெய்வது) பண்ணவும் வேண்டாம்.

தாராவி ஃபார்மசிஸ்ட்:
நான் பயப்படுவது பாராசிட்டமாலுக்குத்தான். கார்டியன் சென்சார் அதைக் குளுக்கோஸ் என்று நினைத்து அளவை ஏற்றிக் காட்டும். பம்ப் அதை நம்பி கரெக்ஷன் (சுகரை இறக்கக் கூடுதல் இன்சுலின்) கொடுக்கும். பொய் லோவால் சுகர் ஏறும், அவ்வளவுதான். பொய் ஹையால் நிஜமாகவே லோ வரும். மருந்து ஓடும்வரை மேனுவல் மோடா (பம்ப் தானாக அளவை மாற்றாது), 150 டெம்ப் டார்கெட்டா (தற்காலிகமாக உயர்த்திய இலக்கு) என்று டாக்டரிடம் இன்றே கேளுங்க. டெம்ப் டார்கெட்டில் ஆட்டோ கரெக்ஷன் நின்றுவிடும், ஆனால் பேசல் (நாள் முழுக்கச் சிறிது சிறிதாகப் போகும் இன்சுலின்) சென்சாரை நம்பித்தான் ஓடும். எதுவானாலும் மீட்டரை வைத்தே முடிவெடுங்க.

செம்பூர் அப்பா:
சரிங்க. மீட்டரிலேயே 250-க்கு மேல் நின்றால்?

மாட்டுங்கா எஜுகேட்டர்:
கரெக்ஷன் கொடுத்தும் ரெண்டு மணி நேரத்தில் இறங்கலைன்னா சென்சாரை விட்டுட்டு, பம்பிலிருந்து உடம்புக்கு இன்சுலின் கொண்டுபோகும் இன்ஃப்யூஷன் செட்டைப் பாருங்க. கேனுலா (தோலுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்) மடங்கியிருக்கும், இல்லை மழைக்கால வியர்வையில் டேப் கிளம்பியிருக்கும். ரத்தக் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது சேரும் அமிலம்) பாருங்க, 1.5 mmol/L-ஐத் தாண்டினால் நேரே ஆஸ்பத்திரி. அடுத்த கரெக்ஷன் இன்சுலின் பென்னில், பிறகு புது செட். பென்னில் போட்டது பம்புக்குத் தெரியாது, அது இன்னும் கொடுத்துக்கொண்டே போகும். எவ்வளவு நேரம் SmartGuard-ஐ (பம்ப் தானாக இன்சுலின் அளவை மாற்றும் முறை) நிறுத்தி வைக்கணும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கோங்க.