பந்து போடும் முறையையே மாற்றச் சொல்கிறார்கள், 15 வயதில் முடியுமா?

கொக்குவில் மாமா:

அக்காவின் மகனுக்கு 15 வயது. பள்ளிக்கூட அணியில் வேகப்பந்து போடுகிறவன். போன மாதம் ஒரு மட்சில் அம்பயர் இரண்டு தரம் நோபோல் கொடுத்துவிட்டார். பெடியன் எறிகிறானாம். முழங்கை மடிகிறது என்று இப்போது கோச்சும் சொல்கிறார். மூன்று வருடமாக அவர் கண்ணில் அது படவில்லை, அதை விடுவோம். "முறையை மாற்றிக்கொண்டு வா" என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவரோடும் கதைக்கிறானில்லை. கையை அடியோடு மாற்றிப் பிறகு நன்றாக வந்த ஆட்கள் இருக்கிறார்களா? ஆறுதலுக்குச் சொல்ல வேண்டாம்.

பருத்தித்துறைக் காற்று:

பேஸ்போலுக்கு அனுப்புங்கோ மாமா. அங்கே எறிவதுதான் தொழிலே. முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்ற கணக்கும் இல்லை, ஓடி வரவும் தேவையில்லை.

அரியாலை, முன்னாள் ஸ்காபரோ:

தம்பி பகிடிக்குச் சொன்னாலும் நான் சொல்லப்போகிற ஆள் பேஸ்போல்காரன்தான். ரோய் ஹலடே. ரொறன்ரோ புளூ ஜேஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து எறிகிறவன். நான் இரவு வேலை முடித்து வந்து, புட்டைப் பிசைந்து வைத்துக்கொண்டு ரீவியில் பார்த்த மனிசன்.

1998 செப்டெம்பர் 27, பருவத்தின் கடைசி நாள். ஹலடேக்கு 21 வயது, பெரிய லீக்கில் இரண்டாவது மட்ச்தான். டிட்ரொயிற் அணி ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆகும் வரை அவனை ஒரு தரம்கூட அடிக்கவில்லை. மூன்று பேர் அவுட் ஆனால் முடிந்தது, இன்னும் ஒரே ஒரு ஆள். பொபி ஹிக்கின்சன் வந்து ஹோம் ரன் அடித்தார், எங்கட சிக்ஸ் மாதிரி வேலிக்கு மேலால். மட்ச் 2-1 என்று வெற்றிதான், ஆனாலும் நோ-ஹிட்டர், அதாவது மட்ச் முழுக்க ஒரு ஹிட்டும் கொடுக்காத பெருமை, போய்விட்டது. பெடியன் பெரிய ஆளாக வருவான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம்.

2000 இல் அதே ஆள் விழுந்தான். விழுந்தான் என்றால் சும்மா இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 10.64 ஓட்டம் கொடுத்தான். நல்ல பிட்சர் மூன்று, நாலு கொடுப்பார். ஒரு பருவத்தில் 50 இன்னிங்ஸாவது எறிந்தவர்களில் அதுவரை அவ்வளவு மோசமாக ஒருவரும் எறிந்ததில்லை. பந்தில் வேகம் இருந்தது. ஆனால் கை உச்சியிலிருந்து நேரே இறங்கும், பந்தும் நேரே வரும். நேரே வருகிற பந்து எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த லீக்கில் அடிப்பார்கள்.

2001 தொடக்கத்தில் அவனை மூன்று படி கீழே இறக்கி, புளோரிடாவில் டனீடன் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். 23 வயதில், நேற்றுப் பள்ளிக்கூடம் விட்ட பெடியள் விளையாடுகிற இடத்துக்கு. அங்கே மெல் குயின் என்ற பழைய கோச் கையைப் பிடித்தார். மணிக்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கோ: 12 இல் நின்ற கையை ஒன்றரைக்குச் சரித்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பந்து கடைசி நேரத்தில் ஒன்றில் கீழே விழுந்தது, இல்லாவிட்டால் பக்கத்துக்கு வெட்டியது. மட்டையில் பட்டாலும் தரையோடு உருண்டது.

அந்த வருடம் யூலையிலேயே ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்தான். 2003 இல் 22 வெற்றி, 7 தோல்வி, வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 2010 இல் பிலடெல்பியாவுக்குப் போய் ஒரு முழுமையான ஆட்டம், அதாவது 27 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கி ஒருவரையும் பேஸில் ஏறவிடாதது. அதே வருடம் ஒக்ரோபரில், பருவம் முடிந்து சம்பியனைத் தீர்மானிக்கிற பிளேஓஃப்பில் போட்ட முதல் மட்சிலேயே நோ-ஹிட்டர். முன்பு கைநழுவியது அந்த ஒரே வருடத்தில் இரண்டு தரம் கிடைத்தது. நான் அப்போது கிங்ஸ்ரன் வீதி ரிம் ஹோர்ட்டன்ஸில் நின்று கத்தி, கோப்பியை ஒரு கிழவரின் சப்பாத்தில் ஊற்றினேன்.

உடம்பு சும்மா விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013 இல் தோளில் அறுவைச் சிகிச்சை, அந்த வருடக் கடைசியில் ஓய்வு. 2017 இல் சின்ன விமானம் ஓட்டிப்போய்க் கடலில் விழுந்து இறந்தான். வயது 40.

மருமகனுக்கு ஒன்று சொல்லுங்கோ. ஹலடேயையே பெரிய லீக்கிலிருந்து கீழே இறக்கித்தான் மாற்றினார்கள். உங்கட பெடியனையும் கொஞ்ச நாள் விக்கெட்டை மறக்கச் சொல்லுங்கோ. ஓடி வராமல், நின்ற இடத்தில், ரெனிஸ் பந்தால், பத்தடியில் மதிலுக்குப் போடட்டும். வேகம் கடைசியில் வரும்.

பருத்தித்துறைக் காற்று:

பகிடி விட்டதற்கு மன்னிக்கோணும் மாமா. பக்கத்திலிருந்து ஃபோனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்கோ, எந்த இடத்தில் கை மடிகிறது என்று தெரியும்.

கொக்குவில் மாமா:

முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "அந்த ஹோம் ரன் பந்து எங்கே போய் விழுந்தது?" என்று மட்டும் கேட்டான்.

அரியாலை, முன்னாள் ஸ்காபரோ:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். வேலிக்கு அப்பால், புளூ ஜேஸ் பிட்சர்கள் நிற்கிற இடத்தில் அதைப் பிடித்தவர் டேவ் ஸ்டீப். 1988 இல் அடுத்தடுத்த இரண்டு மட்சில், ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டான பிறகு, நோ-ஹிட்டரைக் கோட்டை விட்ட மனிசன். அடுத்த வருடமும் ஒன்று அப்படியே போனது. 1990 இல்தான் அவருக்குக் கிடைத்தது.

ஞாயிறு பின்னேரம் பெடியனைக் கூட்டிவாங்கோ. எங்கட வளவில் மதில் பெரிசு, பக்கத்து வீட்டு நாய்தான் பந்தைத் தராது.