மூன்று பிசியோவும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: கண்ணால் நடையைப் பார்த்த அனுபவங்கள்

பிசியோ, குழந்தைகள் பிரிவு:
நோயாளியின் நடையைக் கண்ணால் பார்த்து எழுதுவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருகிறது என்று நாம் எல்லோரும் புலம்புகிறோம். எனக்கு அதைவிட உறுத்துவது எல்லோரும் ஒத்துப்போகிற இடம்தான்.

சி.பி. (செரிப்ரல் பால்சி, பெருமூளை வாதம்) உள்ள ஒரு பையன், நுனிக்காலில் நடப்பான். முன்பு வெவ்வேறு இடங்களில் பார்த்த மூன்று பிசியோக்களின் சீட்டுகளையும் அவன் அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். மூன்றிலும் 'ஈக்வைனஸ்', அதாவது கணுக்கால் கீழ்நோக்கி வளைந்து குதிகால் தூக்கி நிற்பது, என்றுதான் இருந்தது. கெண்டைத்தசைக்கு ஸ்ட்ரெச்சிங் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் பேச்சும் வந்துவிட்டது. பையனைப் படுக்கவைத்து, முழங்காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு பாதத்தை மேலே தள்ளினேன். தடையே இல்லாமல் செங்கோணத்தைத் தாண்டி வந்தது. இறுகிக் கிடந்தது பின்தொடைத் தசை. பக்கவாட்டில் எடுத்த ஸ்லோ மோஷனை நிறுத்திப் பார்த்தால் கணுக்கால் ஒழுங்காக 90 டிகிரியில் நிற்கிறது. முழங்கால் மடங்கியே இருப்பதால் குதிகால் தரைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். 'அப்பேரன்ட் ஈக்வைனஸ்' (பார்வைக்கு மட்டும் ஈக்வைனஸ்) என்று படித்திருப்போம். இந்தப் பிள்ளைகளுக்குக் ஆபரேஷனில் கெண்டைத்தசையை நீட்டிவிட்டால் முழங்கால் இன்னும் மடங்கி, அரைகுறையாகக் குந்தியபடி நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மூன்று பேருக்குள் ரிலையபிலிட்டி (ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது) பிரமாதம். வேலிடிட்டி (சொன்னது உண்மையா என்பது)?

செயற்கைக் கால் பிரிவில் வேலை பார்ப்பவர்:
எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1985-இல் சாலே, மர்டாக் இருவரும் முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்களின் செயற்கைக் காலில் அலைன்மென்ட்டை (பாகங்கள் பொருந்தும் கோணத்தை) வேண்டுமென்றே மாற்றிவைத்து, தேர்ந்த பார்வையாளர்களை நடையைப் பார்க்கச் சொன்னார்கள். வந்திருக்க வேண்டிய பிறழ்வுகளில் 22.2 சதவீதம்தான் கண்ணில் பட்டது. நடையை அளக்கும் கருவி அதைப்போல 3.4 மடங்கு கண்டுபிடித்தது. சரி, கருவி நம்மிடம் இல்லை. ஆனால் 'நான் பார்த்தேன், ஒன்றும் இல்லை' என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்கு இந்த 22 ஞாபகம் வரும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பேரலல் பாருக்குள் (பிடித்து நடக்கும் இரட்டைக் கம்பிகளுக்குள்) நடக்கச் சொன்னால் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள். ஒரு பெரியவர் எங்கள் முன்னால் ஜோராக நடந்து காட்டிவிட்டு, வெளியே டீக்கடைக்குப் போகும்போது காலைப் பக்கவாட்டில் வீசிக்கொண்டே போனார். சாக்கெட் (காலின் மிச்சப் பகுதி பொருந்தும் கூடு) உரசுகிறது என்று அப்புறம்தான் சொன்னார். அதிலிருந்து, நோயாளி கிளம்பிப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) வகுப்பு எடுப்பவர்:
ஈஸ்ட்லாக் குழுவின் 1991 ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ள மூன்று நோயாளிகளின் வீடியோ, 54 பிசியோக்கள், பார்த்தது முழங்கால் மட்டும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கப்பா என்கிற ஒப்புமை அளவு (1 என்றால் முழு ஒப்புமை) 0.11 முதல் 0.52 வரைதான். வீடியோவில் பார்த்தே இந்த லட்சணம்! ஒரு நடைச் சுழற்சி ஏறக்குறைய ஒரு விநாடி. குதிகால் பட்டு உடல் எடை காலில் இறங்குகிற கட்டம் அதில் சுமார் 12 சதவீதம். அந்த நேரத்துக்குள் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் பார்க்கச் சொல்லி மாணவர்களை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மிரட்டுவது எனக்கு எப்போதும் அநியாயமாகத்தான் படுகிறது. ஒரு முறை நடக்கவிட்டு ஒரு மூட்டை மட்டும் பார், அப்புறம் அடுத்தது என்றுதான் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

தாலுகா ஆஸ்பத்திரி பிசியோ:
ஆய்வெல்லாம் நல்லதுதான். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவருக்கு எத்தனை வீடியோ எடுக்க முடியும்? ஃபுட் டிராப்பும் (பாதம் தொங்கிப்போவது) டிரெண்டலென்பர்க் நடையும் (இடுப்புத் தசை பலவீனத்தால் இடுப்பு ஒரு பக்கம் சரிவது) வாசலில் நுழையும்போதே தெரிகிறது. அதற்கு லேப் வேண்டாம்.

பிசியோ, குழந்தைகள் பிரிவு:
தெரிகிறது என்பது சரி. எதனால் என்பதைக் கட்டிலில் வைத்துத் தசையைச் சோதித்தபிறகு எழுதலாம் என்பதுதான் என் கட்சி. சி.பி. பிள்ளைகளுக்கு எடின்பரோ ஸ்கோர் (வீடியோ பார்த்து நடைக்கு மதிப்பெண் போடும் முறை) போட்டுப் பாருங்கள். ஒரு காலுக்கு 17 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. 2003-இலிருந்து இருக்கிறது, செல்போன் வீடியோ போதும்.

சி.பி. பெண் பிள்ளையின் அப்பா:
நான் வீட்டில் எடுத்து அனுப்பும் வீடியோ உபயோகப்படுமா? எப்படி எடுக்க வேண்டும்?

பிசியோ, குழந்தைகள் பிரிவு:
கண்டிப்பாக உபயோகப்படும் சார். முழங்காலும் தொடையும் தெரிகிற மாதிரி அரைக்கால் சட்டை, வெறுங்கால். போனை ஸ்டூல்மேல், பாப்பாவின் இடுப்பு உயரத்தில் அசையாமல் வையுங்கள். நேர் பக்கவாட்டில் இரண்டு பக்கமும், முன்னால், பின்னால் என்று தனித்தனியாக எடுங்கள். சாய்வாக எடுத்தால் முழங்கால் மடங்குவது குறைவாகத் தெரியும். தொடை உள்பக்கம் திரும்பியிருந்தால், முன்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு முழங்காலும் இடிப்பது போல இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நேரில் சோதித்துச் சொல்கிறோம். ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் பிளவு) போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை எடுங்கள். முக்கியமாக, 'நேரா நட, நேரா நட' என்று பின்னாலிருந்து சொல்லாதீர்கள்.